ஹரி பொட்டரைக் குடும்பமாகச் சத்தம்போட்டு வாசிக்கிறோம், நாலாம் புத்தகத்தில் வந்து நிற்கிறோம்

இரணைமடுக்காரி:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னும் வாசிக்காதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நாலாம் புத்தகத்தின் முடிவைச் சொல்லாமல் என்னால் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.

நாங்கள் கிளிநொச்சிப் பக்கம். வீட்டில் நானும் அவரும், மூன்று பிள்ளைகள், என் அம்மா. மூத்தவளுக்கு 13, நடுவிலானுக்கு 9, கடைக்குட்டிக்கு 6. கனடாவிலிருந்து வந்த தம்பி ஏழு புத்தகங்களையும் ஒரு பெட்டியாகக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனான், எல்லாம் ஆங்கிலம். பெட்டி அலுமாரிக்கு மேல் தூசி பிடித்துக் கிடந்தது. ஒக்டோபர் தொடக்கத்தில் ஒரு நாள் இரவு மழைக்குக் கரண்ட் போனது (2022 இல் 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அந்த மாதிரி இல்லை, சும்மா இரண்டு மணித்தியாலம்). போனில் சார்ஜ் இல்லை, மூன்று பேருக்கும் சண்டை. சரி என்று முதல் புத்தகத்தை எடுத்து ரோச் லைற் வெளிச்சத்தில் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். பத்து நிமிசம் போயிருக்காது, அறைக்குள் இருந்து அம்மாவின் குரல்: "பிள்ளை, கொஞ்சம் உரத்துச் சொல்லு, எனக்கும் கேக்கட்டும்."

அன்றைக்குத் தொடங்கியது. இப்போது கிழமையில் நாலு இரவு, சாப்பாடு முடிய விறாந்தையில் பாய் போட்டு, நுளம்புத்திரி கொளுத்தி வைத்துவிட்டு ஒரு அத்தியாயம். அம்மா இல்லாமல் தொடங்கவே விடமாட்டார்கள், ஏனென்றால் பாதிப் பகிடி அவவிடமிருந்துதான் வரும். பிள்ளைகள் விளக்குமாற்றில் ஏறிப் பறக்கிற இடத்தில் அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "விளக்குமாத்தில காலைப் போட்டு ஏறுறதோ? வீடு விளங்கினமாதிரித்தான்." நடுவிலான் உடனே, "அம்மம்மா, அது ஈர்க்கு விளக்குமாறோ தும்புத்தடியோ?" என்று கேட்க, அதிலேயே அரை மணித்தியாலம் போய்விட்டது. அடுத்த நாள் காலையில் முற்றத்தில் ஒருவர் இரண்டையும் பரிசோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் புத்தகத்தில் மனிதரின் சந்தோசத்தை உறிஞ்சுகிற முக்காட்டுக்காரர்கள் வருகிறார்கள் அல்லவா, அதற்கு என்ன தமிழ் சொல்வது என்று நான் திணற, "கொத்தி" என்று எங்கள் ஊர்ப் பேயின் பெயரை வைத்து அம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டார். கதையில் அதற்கு மருந்து சொக்லேற். கடைக்குட்டி விடுவானா, ஒவ்வொரு இரவும் கண்டோஸ் வேண்டும் என்று நின்றான். அம்மா பனங்கட்டியை உடைத்துக் கையில் வைத்து, "இந்தா, எங்கட ஊர்க் கொத்திக்கு இதுதான் மருந்து" என்றார். அதிலிருந்து வாசிப்பு என்றால் பிளேன்டீயும் பனங்கட்டியும்.

இனிப் பிரச்சினைக்கு வருகிறேன். எனக்கு ஆங்கிலம் வாசித்தால் விளங்கும், ஆனால் வாசித்துக்கொண்டே உடனுக்குடன் தமிழாக்கும்போது நாக்குப் புரளுகிறது. ஒரு பக்கத்துக்குப் பத்துத் தரம் "அதாவது" சொல்கிறேன். மூத்தவளுக்குப் பொறுமை இல்லை, இரகசியமாகத் தானே வாசித்து நாலாம் புத்தகத்தையும் முடித்துவிட்டாள். அவர் தை மாதம் முழுக்க வயலில் யானைக் காவலுக்குப் போய்விடுகிறார், வந்து காலையில் "நேற்று என்ன நடந்தது" என்று கேட்டால் மூன்று பேரும் மூன்று கதை சொல்கிறார்கள். மச்சாள் ஒருவ, நடுவிலானுக்கு அடுத்த வருசம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிறது, உனக்கு மந்திரக் கதை கேட்கிறது என்று நேரடியாகவே சொல்லிவிட்டா.

இதெல்லாம் பரவாயில்லை. போன சனிக்கிழமை மூத்தவள் அடுப்படிக்கு வந்து, தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் குந்தியிருந்து மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, நாலாவதின்ர கடைசியில ஒரு பெடியன் சாகிறான். பள்ளிக்கூடப் பெடியன். செத்தாப்பிறகு அவன்ர உரு வந்து, என்ர உடம்பை அப்பா அம்மாட்டக் கொண்டுபோய்க் குடு எண்டு ஹரியிட்டக் கேக்குது. அம்மம்மாவுக்கு முன்னால அதை வாசிக்கலாமோ?"

என் அண்ணனைப் பற்றி அம்மாவுக்கு 2009 இலிருந்து இன்றுவரை ஒரு முடிவும் தெரியாது. வன்னியில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்த இடத்தைத் தாண்டிவிட்டுச் சொல்லலாமா? நாலாம் புத்தகத்தைத் தொடாமலே விட்டுவிடலாமா? இப்போதைக்கு "கரண்ட் பில்" என்று ஒரு பொய் சொல்லி ஒரு கிழமையாக வாசிப்பை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

பாலைமரத்தடி:

முதலில் பில் பொய்யை நிறுத்துங்கள், ரோச் லைற்றில் தொடங்கிய குடும்பம் அதை நம்பாது.

நான் மல்லாவிப் பக்கம் படிப்பிக்கிறேன், ஆங்கிலம்தான். உங்கள் நாக்குப் பிரச்சினைக்கு எனக்குத் தெரிந்த தீர்வு எங்கள் கோவிலிலேயே இருக்கிறது. கந்தபுராணப் படிப்புக்குப் போயிருப்பீர்கள்தானே. அங்கே ஒருவரே எல்லாவற்றையும் செய்வதில்லை. ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார், மற்றவர் பயன் சொல்லுவார். வாசிக்கிறவர் ஒரு துண்டை வாசித்து நிறுத்த, பயன்காரர் அதை எடுத்து விரித்துச் சொல்லி முடித்து, அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினால்தான் அடுத்த துண்டு. 10,345 பாட்டு உள்ள புராணத்தை அப்படித்தான் வருசா வருசம் படித்து முடிக்கிறார்கள். சனம் கேட்டுக்கொண்டிருக்கிறது, கிழவிகள் தூணில் சாய்ந்துகொண்டு கேட்கிறார்கள், கச்சியப்பரின் தமிழ் யாருக்கு நேரே விளங்குகிறது சொல்லுங்கள்? அந்தத் தமிழ் எங்களுக்கு எவ்வளவு தூரமோ, உங்கள் அம்மாவுக்கு இந்த ஆங்கிலமும் அவ்வளவு தூரம்தான்.

ஆகவே மூத்தவளை வாசிக்க விடுங்கள், நீங்கள் பயன் சொல்லுங்கள். அவள் ஆங்கிலத்தில் ஒரு பந்தி வாசிக்கும்போதே உங்களுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும், "அதாவது" தானாகக் குறையும். முந்தி வாசித்தவள் என்பதும் அப்போது குற்றம் இல்லை, தகுதி. புராணம் படிக்கிறவரும் முதல் நாளே வீட்டில் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் வருவார். ஒரே ஒரு சட்டம் போடுங்கள்: முடிவை முந்திச் சொன்னால் அன்றைக்கு எல்லார் கோப்பையும் அவள் கழுவ வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு தரம் கழுவியது நான்தான்.

இன்னொன்று. பயன் சொல்கிறவர் பாட்டில் இருக்கிற ஒவ்வொரு சொல்லையும் சொல்ல மாட்டார். முன்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, சிறு பிள்ளைகள் இருந்தால் ஒரு மாதிரி, பெரியவர்கள் மட்டும் என்றால் ஒரு மாதிரிச் சொல்லுவார். அது ஏமாற்று இல்லை, பயன்காரருக்கு உள்ள உரிமை. உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னிடம் நேர் பதில் இல்லை, ஆனால் அந்த உரிமை உங்களுக்கு இருக்கிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

6 வயதுப் பிள்ளையைப் பற்றியும் யோசியுங்கள். நாலாம் புத்தகம் முதல் அத்தியாயத்திலேயே ஒரு தோட்டக்காரக் கிழவனைக் கொல்லுவதோடுதான் தொடங்குகிறது. அளவும் கூடிவிடும். முதல் புத்தகம் பிரித்தானியப் பதிப்பில் 223 பக்கம், 17 அத்தியாயம். நாலாவது 636 பக்கம், 37 அத்தியாயம். ஐந்தாவது 766 பக்கம். முதலாவதில் ஒரு அத்தியாயம் சராசரி 13 பக்கம் என்றால் ஐந்தாவதில் 20, அதைப் பயனோடு சொன்னால் ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும், சின்னவன் பாதியில் பாயிலேயே படுத்துவிடுவான். படுக்கட்டும், நல்லதுதான். அவனுக்கு 10 வயதாகும்போது மறுபடி முதலில் இருந்து தொடங்கலாம், அப்போது நடுவிலான் வாசிப்பான்.

வவுனிக்குளத்தான்:

எல்லாரும் கோபிக்காதீர்கள், ஒரு மாற்றுக் கருத்து. கந்தபுராணத்தை எடுத்துக்காட்டாகச் சொல்கிறீர்கள், பிறகு ஏன் அதையே வாசிக்கவில்லை? சூரன் மாமரமாக நின்றதும், வீரவாகு தேவர் மகேந்திரபுரிக்குத் தூது போனதும், மாயை பிள்ளைகளுக்கு மாயம் படிப்பித்ததும் இதை விடக் குறைந்த மந்திரமா? பிள்ளையார் யானையாக வந்து வள்ளியைப் பயப்படுத்துகிற இடத்தை லண்டன் பிள்ளைக்கு விளங்கப்படுத்தத்தான் வேண்டும், எங்கள் பிள்ளைகளுக்குத் தேவையே இல்லை, போன கிழமையும் எங்கள் வாழைத்தோட்டத்தில் வள்ளியும் இல்லாமல் முருகனும் இல்லாமல் யானை மட்டும் வந்துவிட்டுப் போனது.

மச்சாள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. புலமைப்பரிசில் வருசம் வந்தால் வீட்டில் ரீவியே போடுவதில்லை நாங்கள்.

பாலைமரத்தடி:

யானை விசயத்தில் நீங்கள் வென்றுவிட்டீர்கள்.

ஆனால் ஒன்றை வாசித்தால் மற்றது இல்லை என்று யார் சொன்னது? பெருங்கதை விரதத்துக்கு 21 நாளும் கோவிலில் பிள்ளையார் கதை கேட்கிற பிள்ளைதான் வீட்டில் இதையும் கேட்கிறது. என் மகனுக்குக் கந்தபுராணத்தில் ஆசை வந்ததே இப்படித்தான். ஏழு துண்டாக உயிரைப் பிரித்து ஒளித்து வைத்த வில்லனைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது, "இது சூரன் மாதிரி, வெட்ட வெட்ட வேற வேற உருவமா வாறான்" என்றான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவனாகவே கோவிலில் கேட்டதைக் கொண்டுவந்து பொருத்தினான்.

புலமைப்பரிசிலைப் பற்றி: அந்தப் பரீட்சையில் தமிழில் ஒரு பந்தியைத் தந்து அதிலிருந்தும் கேள்வி கேட்கிறார்கள். கேட்டதை மனதில் பிடித்து வைத்து, ஏன் அப்படிச் செய்தான் என்று யோசிக்கிற பிள்ளைக்கு அது கஷ்டம் இல்லை. ஒரு மணித்தியாலம் ரியூஷனைக் கூட்டுவதா, இந்தக் கதையை நிறுத்துவதா என்று என்னிடம் கேட்டால் என் பதில் எனக்கே தொழிலில் பகை தேடித் தரும், விடுங்கள்.

ஸ்காபரோமாமா:

இரணைமடுக்காரியின் தம்பி நான் இல்லை, ஆனால் நானும் ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்த மாமாதான், அந்தக் குற்ற உணர்ச்சியில் எழுதுகிறேன். பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போவது சுலபம்.

நாங்கள் இப்படிச் செய்கிறோம். ஒட்டுசுட்டானில் அக்கா வீட்டில் இரவு எட்டு மணி, எனக்கு இங்கே வெயில் காலத்தில் காலை பத்தரை, குளிர் காலத்தில் ஒன்பதரை. ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப்பில் வீடியோ போட்டு நான் ஆங்கிலத்தில் வாசிக்க, அக்கா அங்கே பயன் சொல்லுவா (இன்றைக்குத்தான் அதற்கு இப்படி ஒரு பெயர் இருக்கிறது என்று தெரியும்). சிக்னல் போனால் அந்த இடத்தில் மருமகள் தானே ஒரு கதையைக் கட்டிச் சொல்லிக்கொண்டிருப்பாள், திரும்ப லைன் வரும்போது கதை எங்கேயோ போயிருக்கும், சில நேரம் புத்தகத்தில் இருப்பதை விட நன்றாகவும் இருக்கும்.

காவலுக்குப் போகிறவருக்கு: மூத்தவளைக் கொண்டு வொயிஸ் ரெக்கோர்ட் பண்ணி அனுப்புங்கள். கொட்டிலில் இருந்து கேட்கட்டும். ஒரு காதில் மட்டும்தான் மாட்ட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், மற்றக் காது யானைக்கு.

குரல் மாற்றிப் பேசுவதைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதுதான் பாதி இன்பம். ஹக்ரிட் ஆங்கிலத்தில் நாட்டுப்புறப் பேச்சுத்தான் பேசுவான். அவனுக்கு நான் எங்கள் ஊரில் மாடு பட்டி வைத்திருந்த ஒரு ஐயாவின் பேச்சைக் கொடுத்துவிட்டேன், "எடேய் தம்பி" என்றுதான் ஹரியையே கூப்பிடுவான். ஸ்னேப் வாத்தியாருக்கு யாருடைய குரல் என்று பொதுவில் எழுத முடியாது, அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், ஓய்வூதியம் எடுக்கிறார்.

நான் வாசிக்கப் பழகியதும் சத்தமாகத்தான். 90களில் மண்ணெண்ணெய்க்குத் தடை, கரண்ட் என்ற பேச்சே இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு நாலு துளி மண்ணெண்ணெய் விட்டு எரிக்கிற விளக்கு. வீட்டுக்கு ஒன்று. அந்த வெளிச்சம் ஒரு கொப்பிக்குக்கூடக் காணாது, நாங்கள் நாலு பேர். ஆகவே அக்கா விளக்கடியில் இருந்து வாசிப்பா, மற்ற மூன்று பேரும் இருட்டுக்குள் இருந்து கேட்போம். சமூகக்கல்விப் புத்தகத்தைக்கூட அப்படித்தான் கேட்டேன். இன்றைக்கும் எனக்குப் பராக்கிரமபாகு அக்காவின் குரலில்தான் பேசுவான்.

நந்திக்கடலோரம்:

அக்கா, உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். நாங்கள் அந்த இடத்தைக் கடந்தவர்கள்.

எங்கள் வீடு முள்ளியவளையில் இருந்து கொஞ்சத் தூரம். எங்கள் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தது அப்பம்மா. அவவுக்கு எந்த மந்திரமும் ஆச்சரியம் இல்லை. பள்ளிக்கூட மண்டபத்தில் ஆயிரக்கணக்கான மெழுகுதிரி அந்தரத்தில் மிதக்கிறது என்று நான் பெரிதாகச் சொல்ல, "எங்கட அம்மன்ர கோவில்ல கடல்தண்ணியில விளக்கெரியுது. மெழுகுதிரி பறக்கிறது பெரிய காரியமே?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தா. பிறகு வற்றாப்பளை அம்மன் கோவில் கதை முழுவதையும் அவவே சொன்னா. கிழவியாக வந்த கண்ணகிக்கு மாட்டுக்காரப் பெடியங்கள் பொங்கிக் கொடுத்ததும், எண்ணெய் இல்லை என்று கடல்தண்ணீரை விட்டு விளக்கு ஏற்றச் சொன்னதும், பேன் பார்க்கத் தலையை விரித்தால் தலை முழுக்கக் கண்ணாக இருந்ததும். அன்றைக்கு ஹரி பொட்டர் ஒரு வரியும் நகரவில்லை. பிள்ளைகள் நாலு நாளைக்கு ஒருவரின் தலையை ஒருவர் விலக்கிப் பார்த்துக்கொண்டு திரிந்தார்கள்.

அப்பம்மாவின் கடைசி மகன், என் சித்தப்பா, உங்கள் அண்ணனைப் போலத்தான். பெயர் கொடுத்து, படம் கொடுத்து, எத்தனையோ விசாரணைக்குப் போய் வந்து, 2017 மாசியில் கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் போராட்டம் இருக்கத் தொடங்கியபோது அங்கேயும் போய் இருந்தவ. ஆகவே நானும் உங்களைப் போலப் பயந்தேன். தாண்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் நான் மறைத்தது அவவுக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரியாது? நான் பக்கம் புரட்டுகிற சத்தம் வழமையை விடக் கூட வந்திருக்கிறது. "நாலு ஒற்றையை ஒண்டாத் தள்ளினாய், என்ன நடந்தது?" என்று கேட்டா. ஆங்கிலத்தில் ஒரு எழுத்தும் தெரியாது அவவுக்கு. பிறகு வேறு வழி இல்லாமல் சொன்னேன். அப்பம்மா, ஒரு பெடியன் சாகிறான், அந்த இடம் வருகுது, வாசிக்கவோ விடவோ என்று கேட்டேன். "சாகாத கதை எங்க இருக்கு, வாசி" என்றா.

வாசித்தேன். சுடுகாட்டில் அந்தப் பையன் செத்துக் கிடக்கிறான், மந்திரக்கோலில் இருந்து அவனுடைய உரு வந்து, என் உடம்பைக் கொண்டுபோ, அப்பா அம்மாவிடம் கொண்டுபோ என்கிறது. ஹரி தப்பி ஓடுகிறான், ஆனால் வெறுங்கையோடு ஓடவில்லை, எல்லாப் பக்கத்தாலும் மந்திரம் பாய்ந்து வர, அதற்குள்ளால் போய் அந்த உடம்பின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போகிறான். பள்ளிக்கூட முற்றத்தில் வந்து விழுந்த பிறகும் பிடியை விடமாட்டான். அதை நான் தமிழில் சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்க்கப் பயந்துகொண்டு இருந்தேன்.

அப்பம்மா அழவில்லை. கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கொண்டந்து குடுத்திட்டான் என்ன" என்றா. ஓம் என்றேன். "அந்தப் பெடியன் நல்லா இருக்க வேணும்" என்றா. ஹரியை. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது, அவவுக்கு இல்லை.

அதோடு முடியவில்லை. இரண்டு அத்தியாயம் கழித்து அந்தப் பையனின் தாய் தகப்பன் ஹரியைப் பார்க்க வருகிற இடம் இருக்கிறது. தகப்பன் அழுதுகொண்டே இருக்கிறான், தாய்க்கு அழுகையே வருவதில்லை. அந்த வரியை நான் சொன்னவுடன் அப்பம்மா, "அது சரி, அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்ச் சித்தப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கைத் தூண்டிவிட்டு வந்து, "ம், மிச்சத்தைச் சொல்லு" என்றா.

என் பிள்ளைகள் அதுவரை சித்தப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை, படத்தில் இருக்கிற ஆள் என்று மட்டும் தெரியும். அன்றிரவு மகள் கேட்டாள், சித்தப்பாத் தாத்தாவுக்கு என்ன விளையாட்டு விருப்பம் என்று. வொலிபோல் என்று அப்பம்மா சொன்னா. எனக்கே அது தெரியாது.

உங்கள் அம்மா என் அப்பம்மா இல்லை, அதனால் வாசியுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தாண்ட வேண்டாம், அவவிடமே கேளுங்கள் என்று மட்டும் சொல்வேன். தாண்டினால் கட்டாயம் பிடிபடுவீர்கள். பிள்ளைகள் எல்லாரும் இருக்கும்போது கேட்க வேண்டாம், தனிய இருக்கிற நேரம் பார்த்து.

வவுனிக்குளத்தான்:

மேலே எழுதியதை வாசித்துவிட்டு வருகிறேன். என் பேச்சைப் பெரிதாக எடுக்க வேண்டாம். இந்தப் புத்தகம் தமிழில் இருக்கிறதா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள், எனக்கு ஆங்கிலம் காணாது.

பாலைமரத்தடி:

முதல் புத்தகம் தமிழில் வந்திருக்கிறது. இந்தியப் பதிப்பு, 'ஹாரி பாட்டர்' என்று எழுதியிருக்கும், நாங்கள் சொல்கிற மாதிரிப் 'பொட்டர்' என்று தேடினால் அகப்படாது. கொழும்பில் இருந்து வருகிற ஆட்களிடம் சொல்லி வையுங்கள். உங்கள் வீட்டில் கந்தபுராணம் இருந்தால் அதுவரைக்கும் வள்ளி திருமணத்தை வாசியுங்கள், யானை வருகிற இடத்தை நீங்களே நடித்துக் காட்டலாம்.

இரணைமடுக்காரி:

நாலு நாளாகப் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். எல்லாருக்கும் நன்றி. முள்ளியவளைத் தங்கச்சி, நீங்கள் எழுதியதை நான் மூன்று தரம் வாசித்தேன், மூத்தவளும் வாசித்தாள்.

நேற்றுப் பின்னேரம் அம்மா முற்றத்தில் இருந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பிள்ளைகள் இல்லை. நான் பக்கத்தில் இருந்து ஒரு நெட்டை எடுத்து உருவிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், கரண்ட் பில் பொய்யையும் சேர்த்து. அம்மா கீரையை நிறுத்தவில்லை. "அந்தப் பெடியனுக்கு எத்தின வயசு?" என்று கேட்டார். 17 என்றேன். "பேர்?" செட்ரிக் என்றேன். வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார், சரியாக வரவில்லை. பிறகு, "அண்டைக்கு வாசிக்கப் போறாய் எண்டு எனக்கு முதலே சொல்லிப்போடு. நான் தலை முழுகி விளக்கு வைச்சிட்டு வாறன்" என்றார். அவ்வளவுதான். கீரை முடிந்ததும் சுளகைத் தட்டிவிட்டு எழும்பி, இன்றைக்குத் தொடங்குவாயோ என்று கேட்டார்.

தொடங்கிவிட்டோம். மூத்தவள் வாசிக்க நான் பயன் சொன்னேன். அவள் பந்தி முடிந்ததும் என்னைப் பார்த்து, நான் தலையை ஆட்டும் வரைக்கும் காத்திருக்கிறாள், உண்மையாகவே கோவில் மாதிரித்தான் இருக்கிறது. "அதாவது" ஏழு தரம் என்று நடுவிலான் எண்ணிச் சொன்னான், முன்னேற்றம்தான். தோட்டக்காரக் கிழவன் வருமுன்னமே சின்னவனைப் பாட்டுப் பாடி நித்திரையாக்கிவிட்டேன், ஆனால் பனங்கட்டியை வாங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டுதான் படுத்தான், காலையில் பாயெல்லாம் எறும்பு.

அவருக்கு ரெக்கோர்டிங் அனுப்பினோம். கொட்டிலில் இருந்து இரவு பதினொரு மணிக்கு ஒரு மெசேஜ்: அடுத்ததை அனுப்பட்டாம், யானை இன்னும் வரவில்லையாம்.